ஒருத்தர் பசித்தாலும் நகராத ரயில்

வைகறை எக்ஸ்பிரஸில் ஏறியிருக்கிற ஒருத்தர் வயிற்றில் பசி இருந்தாலும் அந்த வண்டி நகராது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது, பிறகு நடுவில் எழுந்து "அதெப்படிய்யா, இரும்புக்கு என்ன தெரியும்" என்று யாரும் கையை நீட்டக் கூடாது. நெல்லையில் புறப்பட்டு, கரிசல் காடு தாண்டி, ஆறு தாண்டி, பாறை தாண்டி, நாலைந்து பாஷை தாண்டி, கோதுமை விளைகிற தேசம்வரை போகிற வண்டி அது. அத்தனை தூரம் போகிற வண்டிக்கு அந்த அளவுக்காவது விவரம் தெரியாமலா இருக்கும்?

முதல்முறை நின்றது ஒரு ஆனி மாதத்துப் பகலில், பருத்திச் செடியைத் தவிர வேறு நாதியில்லாத கரிசல் காட்டில். சிக்னல் பச்சை காட்டியது, எஞ்சின் உறுமிக்கொண்டுதான் இருந்தது, டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய பெரிய எஞ்சினியர்கள் வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனார்கள். அப்போது முன்பதிவில்லாத பெட்டியில், கக்கூஸ் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த செங்கல்சூளைக் கூலியாள் ஒருத்தரிடம், எதிரே இருந்த அம்மாள், "நானும் ஏறினதுலேருந்து பாக்குதேன், தண்ணியையே குடிச்சிக்கிட்டு வாரீரே, இந்தாரும்" என்று நாலு இட்லியை மிளகாய்ப்பொடியோடு நீட்டினாள். அவர் வெட்கப்பட்டு, வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கி, தின்று, கடைசி வாயை விழுங்கினார். வண்டி கிளம்பியது.

இப்படியே அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. கடைசியில் டி.டி.ஆர் எட்வின்தான், எந்தப் பெட்டியில் யார் சாப்பிட்டதும் வண்டி அசைகிறது என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, சமையல் பெட்டிக்கு வந்து, "மாஸ்டர், இது பசி பாக்கிற வண்டி போலல்லா இருக்கு" என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உச்சிமாகாளி மாஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பசிச்சா மாடே நகராது, இது இத்தனாம்பெரிய வண்டி. நகருமா?" என்றார். அத்தோடு அது தீர்மானமாகிவிட்டது.

ஊர் உலகம் இதை ஏற்றுக்கொண்ட விதம்தான் கேட்க வேண்டியது. மேலதிகாரிகள் முதலில் குதித்தார்கள், பிறகு கூட்டம் போட்டார்கள், பிறகு, பயணிகள் தயவுசெய்து பசியில்லாமல் பயணம் செய்யவும் என்று மூன்று மொழிகளில் ஸ்டேஷன்தோறும் ஒலிபரப்பினார்கள். டி.டி.ஆர்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கப் பழகினார்கள், அதுவும் ஒப்புக்கு அல்ல, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். அதுநாள்வரை எந்தச் சாப்பாட்டு வாளியும் எட்டிப் பார்க்காத முன்பதிவில்லாத பெட்டிக்குத்தான் இப்போது முதல் பரிமாறல் என்று ஆகிப்போயிற்று, ஏனென்றால் பசி அங்கேதான் அதிகம் டிக்கெட் எடுத்து ஏறுகிறது. சாம்பாரில் தண்ணீரைக் கொட்டி லாபம் பார்த்துக்கொண்டிருந்த குத்தகைக்காரர், ஒரு நாள் பாதி வண்டி சாப்பாட்டைத் தொடாமல் வைக்க, வண்டி ஒரு பாலத்தின் நடுவிலே போய் நின்று இரண்டு பக்கமும் தண்ணீரைக் காட்ட, அன்றைக்கே பருப்பைக் கூட்டிப் போடச் சொன்னார்.

நோன்பு வைத்த பாய்மார்கள் ஏறினால் வண்டி ஒரு தயக்கமும் இல்லாமல் ஓடியது. நோன்பு வேறு, பசி வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஏகாதசி விரதம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு மாமி, எதிர் சீட்டில் வெங்காய பஜ்ஜியைப் பிரித்ததும் வண்டி பொசுக்கென்று நிற்க, எல்லோரும் அவளையே பார்க்க, "சரி, சரி, ஒண்ணே ஒண்ணு குடுங்கோ, பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்களையும், பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்ட ஆண்களையும் பெட்டி முழுக்கச் சேர்ந்து பஞ்சாயத்துப் பண்ணிச் சாப்பிட வைத்தார்கள். இந்த வண்டியில் பட்டினி கிடந்து யாரும் யாரையும் பழிவாங்க முடியாது என்று பேர் வந்துவிட்டது, சிலர் வீட்டுச் சண்டையைத் தீர்ப்பதற்கென்றே டிக்கெட் எடுத்தார்கள்.

எல்லோருக்கும் இதில் நிம்மதிதான், மாகாளி மாஸ்டரைத் தவிர. அவருக்கு வேலை கூடிப்போனது என்பதால் அல்ல, வேலைக்கு அஞ்சுகிற உடம்பு இல்லை அது. ஓடுகிற வண்டியில் கொதிக்கிற அண்டாவை இடுப்பால் அணைத்துக்கொண்டு ரசம் தாளிக்கிற மனுஷர். அவருடைய குடைச்சல் வேறு. தை மாதம் அவர் மகள் ஆவுடைச்செல்விக்குக் கல்யாணம், மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, ஆனால் பெண்ணைப் பெற்ற பிரமு, "எங்க அண்ணன் வந்து தாய்மாமனா முன்னால நிக்காம எம்மவ கழுத்துல மாலை ஏறாது. நான் மணவறைப் பக்கமே வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்று வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வருகிற வழி எல்லாம், போகிற வழி எல்லாம், அடுப்புச் சத்தத்துக்கு மேலே அந்த அழுகைதான் மாஸ்டர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த அண்ணன் பேர் சங்கிலிபூதத்தான். ஆள் வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவார், அத்தனை உயரம். கோபமும் அதே உயரம். ஆவுடைச்செல்விக்குக் காது குத்தின அன்று, சீர்த்தட்டோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்து, அது வீறிட்டு அழுதபோது தானும் கண் கலங்கி, கம்மலும் போட்டுவிட்டு எழுந்த தாய்மாமன் அவர். அன்றைக்குச் சமையல் மாகாளிதான். ஊர் ஊராகப் போகிறவனுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற என் வீட்டு விசேஷத்தில் வேறொருத்தன் கரண்டி பிடிப்பதா என்று வீம்பாக அடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மைத்துனரைப் பந்திக்கு அவர் கூப்பிட்டிருப்பார் என்று பிரமு நினைத்தாள், பிரமு கூப்பிட்டிருப்பாள் என்று அவர் நினைத்தார், இவர்கள் இருக்கும்போது நமக்கென்ன என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். முதல் பந்தி போயிற்று, இரண்டாம் பந்தி போயிற்று, மூன்றாம் பந்தியும் எழுந்து கை கழுவிற்று. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பூதத்தானை, வாங்க, சாப்பிடுங்க என்று ஒரு வாயும் சொல்லவில்லை. கூப்பிடாத பந்தியில் போய் உட்கார அவர் என்ன வழிப்போக்கரா? "இனி உன் வீட்டுல கை நனைச்சா நான் எங்க அப்பனுக்குப் பொறக்கல" என்று சொல்லிவிட்டு, பசித்த வயிற்றோடு, வெயிலில், ஊருக்கு நடந்தே போனார்.

மாகாளி என்ன செய்திருக்க வேண்டும்? கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். அவரோ, "வீட்டு மனுஷனை வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடுவாவ? எலை போட்டுக் கெடக்கு, உக்காந்து திங்க வேண்டியதுதானே" என்று அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். அன்றைக்கு முறிந்ததுதான். பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. இப்போது கல்யாணத்துக்கு ஆள்மேல் ஆள் அனுப்பியும் பூதத்தான் கதவைத் திறக்கவில்லை. நேரில் போங்களேன் என்று பிரமு சொன்னபோது, "லீவு கெடைக்கல" என்றார் மாஸ்டர். லீவா கிடைக்கவில்லை? முகம் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான், கார்த்திகை மாதத்து மத்தியானம் ஒன்றில், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், பாறையும் கருவேலமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு காட்டில், வைகறை எக்ஸ்பிரஸ் நின்றது.

நின்றதும் யாரும் பதறவில்லை. சாப்பாடெல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. சப்ளையர்கள் வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு, "யாருக்குங்க பசி, யாருக்குங்க பசி" என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போனார்கள். எங்கே கேட்டாலும் சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. தூங்குகிறவர்களை எழுப்பிக் கேட்டார்கள், சாப்பிட்டாச்சு. டிரைவர் தன் டிபன் கேரியரைக் கவிழ்த்துக் காட்டினார். கைக்குழந்தைகளுக்கெல்லாம் பால் கொடுத்தாயிற்று, ஒரு குழந்தை கக்கியும் விட்டது. வண்டி மட்டும் நகரவில்லை. கதை கேட்கிறவர்களுக்கு இப்போது தோன்றும், ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்ட மாஸ்டர்தான் பட்டினி கிடந்திருப்பார் என்று. எட்வினுக்கும் அதுதான் தோன்றியது. வந்து மாஸ்டரை முறைத்தார். "என்னை என்னய்யா பாக்குதீரு, நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்று மாஸ்டர் சொல்லியும் நம்பாமல், தன் கண் முன்னாலேயே இன்னொரு தட்டுச் சாதத்தைத் தின்ன வைத்தார். மாஸ்டருக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

வெயில் ஏறியது. மின்விசிறி காற்றா அனலா என்று தெரியாமல் வீசியது. தண்ணீர் பாட்டில்கள் காலியாயின. மறுநாள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அழத் தொடங்கினாள். அப்போது ஏழாம் பெட்டியிலிருந்து ஒரு டீச்சர், ரஹ்மத் பீவி என்று பேர், மேலப்பாளையத்துக்காரி, எட்வினைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க பெட்டியில சைடு அப்பர்ல ஒரு அண்ணாச்சி படுத்திருக்காரு. கொண்டுவந்த கட்டுச்சோத்தை அப்படியே எதுத்தாப்ல இருக்கிற ஒடிசாக்காரக் கெழவன் கெழவிக்குக் குடுத்துட்டாரு, நான் பாத்தேன். உங்க சாப்பாடு வந்தப்ப சாப்பிட்டாச்சுன்னு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நல்ல மனுஷன், ஆனா பொய் சொல்லுதாரு" என்றாள்.

எட்வின் மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு போனார். ஏழாம் பெட்டிக்குள் நுழைந்ததுமே மாஸ்டர் நின்றுவிட்டார். சைடு அப்பர் பெர்த் போதாமல் இரண்டு பெரிய பாதங்கள் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன, போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதற்குத் தலை தாழ்த்திப் போனார்கள். அரிவாள் பட்டு நகம் போன இடது பெருவிரலை அவருக்குத் தெரியாதா என்ன? அவர் கல்யாணத்து ஊர்வலத்தில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய பாதங்கள் அவை. மாஸ்டர் அப்படியே திரும்பினார்.

"எங்க போறீரு?"

"அடுப்புல வேலை கெடக்கு."

"மாஸ்டர், வண்டி நிக்கி. அடுப்புல என்ன வேலை?"

மாஸ்டர் பெட்டியின் வாசலோரம் நின்று, அவர் யார் என்று சொன்னார். எட்வின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்த வண்டியில் எத்தனையோ வகைப் பசியைப் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அதற்குள் பெட்டிக்காரர்கள் பூதத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இறங்கி, தலை மேல் பெர்த்தில் இடிக்காமல் வளைந்து நின்றுகொண்டு, "நான் சாப்பிட்டாச்சுன்னு எத்தனை தடவை சொல்லுதது?" என்று சத்தம் போட்டார். அவர் வாய் மூடவில்லை, வயிறு கடமுடவென்று ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள், பக்கத்துப் பெட்டிக்கே கேட்டிருக்கும். யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த எதுவும் யாரிடமும் மிச்சம் இல்லை, ரஹ்மத் டீச்சர் பையின் அடியில் கிடந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை மறுக்காமல் தின்றார். வண்டி ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. பிஸ்கட்டுக்கு ஏமாறுகிற வண்டியா அது?

"அண்ணாச்சி, சமையல் பெட்டியில சோறு சூடா இருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்க, எல்லாரும் போய்ச் சேரலாம்" என்றாள் டீச்சர்.

"அந்த அடுப்புச் சோறு எனக்கு வேண்டாம்."

"ஏன், என்ன கொறை அதுல?"

"சோத்துல ஒரு கொறையும் இல்ல. ஆக்குன ஆளு யாருன்னு தெரியும். அவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், அவன் அடுப்பு இருக்கிற எடமும் அவன் வீடுதான்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற மாஸ்டரைக் கண்டார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட வாங்க என்று மட்டும் மாஸ்டர் கூப்பிடவில்லை. சாப்பாடு, சாப்பாடு என்று நாளெல்லாம் கத்துகிற வாய்தான் அது.

பூதத்தான் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு சுற்றிலும் வியர்த்து வழிகிற முகங்களைப் பார்த்தார், அழுகிற பெண்ணைப் பார்த்தார், தன்னால்தான் இத்தனையும் என்று வெட்கப்பட்டார். நல்ல மனுஷன் என்று டீச்சர் சொன்னது பொய்யில்லை. "என் ஒருத்தனுக்காக நீங்க ஏன் வேகணும்? நான் எறங்கிக்கிடுதேன், வண்டி போவட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு, தடுத்த கைகளை எல்லாம் விலக்கிக்கொண்டு, மறுகோடி வாசல் வழியாக ஜல்லிக்கல்லில் குதித்துவிட்டார். அவர் பாதம் தரையில் பட்டதும் வண்டிக்குள் பசித்தவர் ஒருத்தரும் இல்லை. வைகறை எக்ஸ்பிரஸ் கடக்கென்று ஒரு குலுங்கு குலுங்கி, மெல்ல நகரத் தொடங்கியது.

ஜன்னலுக்கு வெளியே அந்த நெட்டை உருவம் பையோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல், கருவேலங்காட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பந்தலைவிட்டு நடந்தபோதும் இப்படித்தான் நடந்திருக்கும், தான்தான் பார்க்கவில்லை என்று மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது விட்டால் தை மாதம் என்ன, எந்த மாதமும் கிடையாது, பிரமு முகத்தில் காலமெல்லாம் விழிக்க முடியாது. ஐயோ என்று ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. கைப்பிடியை விட்டார், குதித்தார், விழுந்தார், முழங்கால் தோல் உரிந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"மச்சான்! ஏ மச்சான்! நில்லுங்க!"

அதே நேரத்தில் வண்டிக்குள் இன்னொன்று நடந்தது. நகர்கிற வண்டியில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. வெயிலில் வெந்து, தாகத்தில் வாடி, எப்போது நகரும் என்று தவமிருந்தவர்கள்தான், ஆனாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. "பசிச்ச மனுஷனைக் காட்டுல எறக்கிவிட்டுட்டுப் போறதுக்கா இத்தனை நாளும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டு வந்தோம்?" என்றாள் ரஹ்மத் டீச்சர். சொல்லிவிட்டு எட்டி அபாயச் சங்கிலியை இழுத்தாள். பக்கத்து வரிசையில் நேர்முகத் தேர்வுப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒன்றை இழுத்தாள். ஆறாம் பெட்டியில் விஷயம் கேட்டவர்கள் இழுத்தார்கள், எட்டாம் பெட்டியில் இழுத்தார்கள், முன்பதிவில்லாத பெட்டியில் நாலு பேர் ஒரே சங்கிலியில் தொங்கினார்கள். வண்டி தானாக நின்றது பல தடவை. ஜனங்கள் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

கார்டு கொடியோடு ஓடி வந்தார். "யாரு இழுத்தது, எதுக்கு இழுத்தீங்க?"

"ஒருத்தர் பசியோட இருக்காரு" என்றார்கள்.

"அப்ப வண்டி நகர்ந்திருக்காதே!"

"வண்டிக்குள்ள இல்லங்க, வெளியில."

கார்டு கொஞ்சம் யோசித்தார். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்தாரோ, தன் வீட்டு ஞாபகமோ, தெரியாது. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி, சாப்பிட்டு வரட்டும்" என்றார்.

கீழே, ஒரு பாறையின் பக்கத்தில், மாஸ்டர் ஓடிப்போய் மறித்து நின்றார். மூச்சு வாங்கியது. முழங்காலில் ரத்தம் கசிந்தது. பூதத்தான் அண்ணாந்து வேறெங்கோ பார்த்தார்.

"சாப்பிட வாங்க மச்சான்" என்றார் மாஸ்டர்.

"யாரைக் கூப்பிடுத?"

"உங்களைத்தான் கூப்பிடுதேன்."

"அன்னைக்கு ஏன் கூப்பிடல?"

"அப்பளம் பொரிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் மாஸ்டர். அதைச் சொன்னதும் அவருக்கே அழுகை வந்துவிட்டது. "நீங்க வீட்டு ஆளு, உங்களை என்ன கூப்பிடுததுன்னு நெனச்சேன். புத்தி கெட்ட நெனப்பு மச்சான். நீங்க போனதுக்கப்புறமும் ஓடி வந்திருக்கணும். வீம்பு, வரல. தப்பு எம்மேலதான். அடிச்சாலும் அடிச்சிருங்க."

பூதத்தான் பையைக் கீழே வைத்தார். அந்தப் பெரிய உடம்பு சட்டென்று தளர்ந்து பாறைமேல் உட்கார்ந்தது. "மூணு பந்தி, மாப்ளே" என்றார். "மூணு பந்தி எந்திரிச்சுப் போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். சோத்துக்காவா நின்னேன்? எவனாவது ஒருத்தன் வாங்கன்னு சொல்லிர மாட்டானான்னு நின்னேன். எம்மடியில வச்சுத்தான அந்தப் புள்ளைக்குக் காது குத்துனீங்க? அது அழுத கண்ணீரு எஞ்சட்டையில காயக்கூட இல்ல." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டர் அவர் காலடியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். வண்டி முழுக்க ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

"ஆனா வாக்குக் குடுத்துட்டனே" என்றார் பூதத்தான் துண்டுக்குள்ளிருந்து. "உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"எங்க மச்சான் வீடு இருக்கு? இது ஆந்திராக் காடு."

பூதத்தான் துண்டை விலக்கினார். பாறையைப் பார்த்தார், கருவேலத்தைப் பார்த்தார், வேலி ஓரம் நின்ற ஒரு ஆட்டைப் பார்த்தார். வாயோரம் லேசாக ஒரு அசைவு. "ஆமா, வீடு இல்லதான்" என்றார்.

மாஸ்டர் எழுந்து வண்டியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், சப்ளையர்கள் சோற்று அண்டாவோடும் சாம்பார் வாளியோடும் பறந்து வந்தார்கள். வண்டியில் பயணிகளுக்குக் கொடுக்கிற அளவு டப்பாவை ஒருத்தன் நீட்ட, "தூர வை அதை" என்று தள்ளிவிட்டு, தான் சாப்பிடுகிற சில்வர் தட்டைக் கழுவி வைத்தார். ரஹ்மத் டீச்சர் இருந்த தண்ணீரை எல்லாம் ஒரு செம்பில் வடித்துக் கொண்டுவந்து கை கழுவ ஊற்றினாள். மாஸ்டர் சோற்றைப் போட்டு, குழி பண்ணி, சாம்பாரை விட்டு, கத்தரிக்காய்க் கூட்டை வைத்தார். பூதத்தான் பிசைந்தார், முதல் வாயை வைத்தார், மென்றார், கண்ணை மூடினார். "உப்பு கம்மி" என்றார். "ஆமா மச்சான்" என்றார் மாஸ்டர், அப்படி ஒரு சந்தோஷமாக. தட்டுக் காலியானது. மாஸ்டர் அண்டாவில் கரண்டியை விட, பூதத்தான் தட்டுக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்து, "போதும், போதும்" என்றார்.

இப்போது அவர் ஏறினால் நகருமா என்று எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார்.

மாஸ்டர் மட்டும் எஞ்சினைப் பார்க்கவில்லை. முதல் போதும் எங்காவது போதுமா? எத்தனை பந்தி பரிமாறியிருக்கிறார். அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, "எனக்காவ ஒரு கரண்டி" என்று சோற்றைத் தள்ளி, மேலே ரசத்தை ஊற்றினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பூதத்தான் அதையும் உறிஞ்சிக் குடித்தார், அதற்குமேல் மோருக்கும் இடம் இருந்தது. கை கழுவி, வயிற்றைத் தடவி, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டுக்கொண்டு அவர் வண்டியில் ஏற, பின்னால் மாஸ்டர் ஏற, கார்டு விசில் ஊதுவதற்கு முன்பே வைகறை எக்ஸ்பிரஸ் கிளம்பியது. ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. பெட்டி பெட்டியாகக் கைதட்டல் முன்னாலிருந்து பின்னால்வரை போயிற்று. நேர்முகத் தேர்வுப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

சமையல் பெட்டியில், கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடைமேல் பூதத்தான் கால் நீட்டி உட்கார்ந்தார். அத்தனை நீளத்துக்கும் அங்கே இடம் இருந்தது.

"கல்யாணம் வீட்டுலயா, மண்டபத்துலயா?" என்றார்.

"மண்டபத்துலதான் மச்சான்."

"பின்ன என்ன. எம்வாக்குக்கு ஒண்ணும் வராது." கொஞ்ச நேரம் வெளியே ஓடுகிற பாறைகளைப் பார்த்தார். "சமையல் யாரு?"

மாஸ்டர் தயங்கினார். "நான்தான் செய்யலாம்னு..."

"அடுப்புப் பக்கம் உன்னைக் கண்டேன், காலை முறிச்சிருவேன். பொண்ணுக்கு அப்பன் நீ, வாசல்ல நின்னு வாரவன் போறவனை எல்லாம் வாய் நெறையச் சாப்பிடக் கூப்பிடு. அடுப்பை எவங்கிட்டயும் விடு, நான் நின்னு பாத்துக்கிடுதேன்."

மாஸ்டர் போனை எடுத்தார், பிரமுவின் எண்ணை அழுத்தினார், அது மணி அடிக்கும்போதே பூதத்தான் கையில் கொடுத்துவிட்டார். பூதத்தான் அதைக் காதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயி, நான்தான்" என்றார்.

மறுமுனையிலிருந்து, மெல்ல, பயந்து பயந்து, பிரமுவின் குரல் வந்தது. "சாப்பிட்டியாண்ணே?"

"சாப்பிட்டேன் தாயி. உன் புருசன்தான் போட்டான். போதும்னாலும் விடல."

அதற்குப் பிறகு பூதத்தான் எத்தனை முறை தாயி தாயி என்று கூப்பிட்டும் பதில் இல்லை, ஏனென்றால் போனைக் கையில் பிடித்திருப்பதையே மறந்துவிட்டுப் பிரமு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் கத்துவது, சமையல் பெட்டியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏட்டி ஆவுடை! எந்திரிட்டீ! மாமா சாப்பிட்டாராம்டீ!"